டோக்கியோ சுரங்க ரயில் எப்படி ஓடுகிறது?

டோக்கியோவின் சுரங்க ரயில் ஒன்றை நேர் எதிரே நின்று பாருங்கள். முகப்பில் ஒரு கதவு இருக்கும். பல வண்டிகளில் அது நடுவில்கூட இருக்காது. ஓட்டுநர் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கும். பயணிகள் ஏறி இறங்க அதைத் திறப்பதே இல்லை. நடுவழியில் வண்டி நின்றுபோனால் தப்பிப்பதற்கான கதவு அது. சுரங்கம் அவ்வளவு குறுகல். பக்கக் கதவைத் திறந்தால் கால் வைக்க இடமிருக்காது, சுவர்தான் இருக்கும். முன்புறமோ பின்புறமோ இறங்கித் தண்டவாளத்தின் மேலேயே அடுத்த நிலையத்துக்கு நடக்க வேண்டும். வண்டியின் பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே 400 மில்லிமீட்டர்கூட இல்லாத தடங்களில் இந்தக் கதவு கட்டாயம் என்று ஜப்பானில் விதியே உண்டு.

சுரங்க ரயிலைப் புரிந்துகொள்ள இது நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன். மேலே ஓடும் ரயிலைக் கொண்டுபோய் மண்ணுக்கடியில் விட்டால் அது சுரங்க ரயில் ஆகிவிடாது. பெட்டியின் நீளம், மின்சாரம் எடுக்கும் விதம், மோட்டாரின் வகை, பிரேக் பிடிக்கும் முறை என்று எதற்குக் காரணம் தேடினாலும் கடைசியில் சுரங்கத்தின் அளவிலும் அதற்குள் தேங்கும் வெப்பத்திலும்தான் போய் நிற்போம். டோக்கியோவை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். அங்கே சுரங்க ரயில் நடத்துவது இரண்டு நிறுவனங்கள். டோக்கியோ மெட்ரோவிடம் 9 தடங்கள், மாநகர அரசின் தோஎய் நிறுவனத்திடம் 4 தடங்கள்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது

ஆசியாவின் முதல் சுரங்க ரயில் 1927 டிசம்பர் 30 அன்று டோக்கியோவில் அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தூரம் வெறும் 2.2 கிலோமீட்டர். லண்டனில் பாதாள ரயிலைப் பார்த்துவிட்டு வந்த ஹயகவா நொரித்சுகு என்பவர், நம் ஊருக்கும் இது வேண்டும் என்று பிடிவாதமாக நின்று கட்டி முடித்தது அது. இன்றைய கின்சா லைனின் மிகப் பழைய பகுதி அதுதான்.

அந்தக் காலத்தில் சாலையை மேலிருந்து வெட்டித் திறந்து, உள்ளே பெட்டி போலக் கட்டி, மறுபடி மூடிவிடுவார்கள். ஆழம் கூடக்கூடச் செலவும் கூடும் என்பதால் உயரத்தில் சிக்கனம் பிடித்தார்கள். தலைக்கு மேல் கம்பி கட்ட இடம் ஒதுக்கவில்லை. அதற்குப் பதில், வண்டி ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு, அதில் 600 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ச்சினார்கள். வண்டியின் அடியிலிருந்து நீளும் ஒரு இரும்புக் காலணி அதன்மேல் உரசியபடியே போய் மின்சாரத்தை எடுக்கும். 1954இல் திறந்த மருனோவுச்சி லைனும் இதே முறைதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தடம் பிரியும் இடங்களில் மூன்றாவது தண்டவாளத்தை விட்டு விட்டுத்தான் போட முடியும். அந்த இடைவெளியைக் கடக்கும் ஒரு நொடி பெட்டிக்குள் விளக்குகள் அணைந்து, சுவரில் இருக்கும் சின்ன பேட்டரி விளக்கு மட்டும் எரியும். கின்சா லைனில் 1990களின் தொடக்கம் வரை ஓடிய பழைய வண்டிகளில் இது அன்றாடக் காட்சி. இப்போதைய வண்டிகளில் அப்படி இல்லை. ஆனாலும் 2012இல் அறிமுகமான 1000 வகை வண்டிகளில் இரண்டை மட்டும் பழைய தோற்றத்தில் செய்து, சிறப்பு ஓட்டங்களில் அந்த ஒரு நொடி இருட்டையும் வேண்டுமென்றே காட்டுகிறார்கள். தன் வரலாற்றை இவ்வளவு ஆசையாகப் பேணும் ரயில் நிறுவனத்தைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

பின்னால் வந்த தடங்களின் கதை வேறு. 1960 டிசம்பரில் தோஎய் அசகுசா லைன் திறந்தபோதே, கெய்செய் என்ற தனியார் நிறுவனத்தின் புறநகர் ரயில் அப்படியே சுரங்கத்துக்குள் வந்து ஓடியது. புறநகர்ப் பயணி நகரின் எல்லையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக்காகவே கெய்செய் தன் தண்டவாள அகலத்தை முந்தைய ஆண்டே 1372 மில்லிமீட்டரிலிருந்து 1435க்கு மாற்றியிருந்தது. அதற்குப் பிறகு கட்டிய தடங்கள் பெரும்பாலும் இப்படி யாரோ ஒரு புறநகர் நிறுவனத்தோடு கைகோத்தவை. அவர்கள் வண்டி தலைக்கு மேல் கம்பியில் 1500 வோல்ட் எடுப்பது. ஆகவே சுரங்கமும் உயர்ந்தது. ஆனால் தொங்கும் கம்பி சுரங்கத்துக்கு ஒத்துவராது. அதற்கு உயரம் வேண்டும், அறுந்தால் சரிசெய்வதும் கடினம். அதனால் பெரும்பாலும் கூரையை ஒட்டி விறைப்பான ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்தி, அதன் அடிப்புறத்தில் வண்டியின் மின்வாங்கி உரசிப் போகும்படி செய்தார்கள்.

பெட்டியின் அளவும் இப்படித்தான் பிரிந்தது. கின்சா லைனில் ஒரு பெட்டி 16 மீட்டர், மருனோவுச்சியில் 18 மீட்டர், புறநகரோடு இணைந்த பல தடங்களில் 20 மீட்டர். இருபது மீட்டர் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு நான்கு கதவுகள்; பத்துப் பெட்டி சேர்ந்தால் 200 மீட்டர். எது எந்தத் தடத்தில் ஓடலாம் என்பதை 1927இலும் 1960இலும் வெட்டிய மண் இன்றுவரை தீர்மானிக்கிறது.

வெப்பம்தான் முதல் எதிரி

சரி, மின்சாரம் வண்டிக்குள் வந்துவிட்டது. அப்புறம்?

பழைய வண்டிகளில் நேர்மின்சார மோட்டார் இருந்தது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு முழு வோல்ட்டையும் ஒரேயடியாகக் கொடுத்தால் அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் கருகிவிடும். அதனால் நடுவில் பெரிய மின்தடைகளைப் போட்டு, வேகம் ஏற ஏற அவற்றை ஒவ்வொன்றாக விலக்குவார்கள். தடுத்து நிறுத்திய மின்சாரம் எங்கே போகும்? வெப்பமாகத்தான் போகும். பிரேக் பிடிக்கும்போதும் இதே கதை. ஓடும் சக்கரம் மோட்டாரைச் சுற்றினால் அது சைக்கிள் டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கும். உண்டாக்கும்போதே சக்கரத்தின் வேகத்தையும் குறைக்கும். அந்த மின்சாரத்தையும் மின்தடையில் விட்டு எரித்தார்கள்.

திறந்த வெளியில் இது ஒன்றும் பெரிய விஷயமல்ல, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சுரங்கத்தில் வெப்பம் எங்கேயும் போகாது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நிலையத்திலும் கிளம்பி நின்று கிளம்பி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கொட்டிவிட்டுப் போகும். போதாததற்குப் பயணிகளின் உடல் சூடு. டோக்கியோவின் கோடையோ புழுக்கம் நிறைந்தது. பெட்டிக்குள் ஏசி போட்டால் தீருமா என்றால், ஏசி செய்வதே உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான். வெளியே என்றால் சுரங்கம். பிரச்சினை இடம் மாறுமே தவிரத் தீராது. ஆகவே டோக்கியோ மெட்ரோவின் முன்னோடியான எய்தான் நிறுவனம் 1971 முதல் வண்டியை விட்டுவிட்டு நிலையங்களையும் சுரங்கத்தையும் குளிரூட்டத் தொடங்கியது. பெட்டிக்குள் ஏசி வந்தது 1988இல்தான். வெப்பத்தைக் குறைவாகக் கொட்டும் வண்டிகள் பெருகிய பிறகே அது கைகூடியது.

வெப்பம் வெறும் புழுக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1968 ஜனவரி 27 அன்று ஹிபியா லைனில் கமியாச்சோ நிலையத்தருகே ஒரு வண்டி தீப்பிடித்தது. பழுதாகியிருந்த அந்த வண்டியிலிருந்து பயணிகளை முன்கூட்டியே இறக்கிவிட்டிருந்தார்கள். தீயின் தொடக்கம், அளவுக்கு மீறிச் சூடேறிய மின்தடை. அதுவரை பாதுகாப்பானது என்று நம்பிய பெட்டியே எரிந்துபோனதால் மறுவருடம் தீத்தடுப்பு விதிகள் கடுமையாயின. சுவர், கூரை, தரை, இருக்கை எதுவும் எளிதில் தீப்பற்றாத பொருளாக இருக்க வேண்டும் என்றானது. 2003இல் தென்கொரியாவின் தேகு நகரச் சுரங்க ரயிலில் தீவைப்பால் 192 பேர் இறந்தபோது ஜப்பான் தன் விதிகளை மறுபடி புரட்டிப் பார்த்தது. கூரைப் பொருள் எரியாமல் இருந்தால் போதாது, சூட்டில் உருகித் தலையில் சொட்டவும் கூடாது என்று சேர்த்தார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே புகையைத் தடுக்கக் கதவு வேண்டும் என்றார்கள். இப்போதைய வண்டிகளில் அந்த இடைக்கதவு கண்ணாடியால் ஆனது. ஒரு பெட்டியில் நின்றுகொண்டு பல பெட்டிகள் தள்ளி இருப்பவரையும் பார்க்கலாம்.

மின்தடையை ஒழிப்பது எப்படி என்ற கேள்விக்கு முதல் பெரிய பதில் சியோடா லைனுக்காக 1968இல் சோதனைக்கு வந்த 6000 வகை வண்டி. மின்சாரத்தைத் தடுத்து எரிப்பதற்குப் பதிலாக, ஒரு மின்னணுச் சுவிட்ச் அதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரம் கூடினால் மோட்டாருக்குப் போவதும் கூடும். எரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமானது, பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை அந்த வண்டியால் மேலே இருக்கும் மின்தடத்துக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. பக்கத்தில் வேறொரு வண்டி கிளம்பினால் அது இந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். நவீன சுரங்க ரயிலின் வரலாறு அந்த வண்டியில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

அடுத்து மோட்டாரே மாறியது. தடத்தில் வருவது நேர்மின்சாரம். அதை இன்வெர்ட்டர் என்ற கருவி மாறுமின்சாரமாக்கி, வேகத்துக்குத் தக்கபடி அதன் அதிர்வெண்ணையும் வோல்ட்டையும் கூட்டிக் குறைக்கும். தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் இல்லாத எளிய, உறுதியான மோட்டாரை இதனால் பயன்படுத்த முடிந்தது. ஜப்பானில் ரயில் கிளம்பும்போது அடியிலிருந்து சுருதி ஏறுவது போல ஒரு ஒலி கேட்குமே, அது இந்த இன்வெர்ட்டரின் சுவிட்சுகள் வேலை செய்யும் ஓசை. அந்த ஒலியை வைத்தே எந்தக் காலத்துக் கருவி என்று சொல்லிவிடும் ரசிகர்கள் அங்கே உண்டு.

2012இல் கின்சா லைனுக்கு வந்த 1000 வகை வண்டியும் 2019இல் மருனோவுச்சிக்கு வந்த 2000 வகை வண்டியும் இன்னும் ஒரு படி மேலே. அவற்றின் மோட்டாரில் சுழலும் பகுதிக்குள் நிரந்தரக் காந்தங்கள் பதித்திருக்கிறார்கள். காந்தப்புலத்தை உண்டாக்கச் சுழலிக்குள் மின்சாரம் பாய வேண்டியதில்லை என்பதால் மோட்டார் அதிகம் சூடாவதில்லை. சூடாகாததால் காற்றுக்கு ஓட்டை வைக்காமல் முழுக்க மூடிவிடலாம். மூடினால் தூசி உள்ளே போகாது, சத்தம் வெளியே வராது. ஒரு நன்மை அடுத்த நன்மையைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும் இந்த மாதிரி வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். விலையும் இல்லாமல் இல்லை. பழைய வகை மாறுமின்சார மோட்டார்கள் நான்கைந்தை ஒரே இன்வெர்ட்டரில் கட்டலாம். காந்த மோட்டாருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி இன்வெர்ட்டர் வேண்டும். மருனோவுச்சி வண்டியின் இன்வெர்ட்டரில் வழக்கமான சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு சில்லுகள். அவை திறந்து மூடும்போது இழப்பு குறைவு. அங்கேயும் வெப்பம் மிச்சம்.

திருப்பி அனுப்பும் மின்சாரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாங்கிக்கொள்ள அந்த நேரத்தில் பக்கத்தில் வேறு வண்டி இல்லாவிட்டால் அது போக இடமில்லாமல் தடத்தின் வோல்ட் ஏறும். உடனே மோட்டார் பிரேக்கை விட்டுவிட்டுக் காற்றழுத்த பிரேக் சக்கரத்தைப் பிடிக்க வேண்டியதுதான். விடிகாலையிலும் நள்ளிரவிலும் வண்டிகள் குறைவாக ஓடும்போது இது நடக்கும். இதற்காக டோக்கியோ மெட்ரோ சில நிலையங்களில் தனிக் கருவி வைத்து, மிஞ்சும் மின்சாரத்தை நிலையத்தின் விளக்குக்கும் நகரும் படிக்கட்டுக்கும் திருப்பிவிடுகிறது. வண்டி பிரேக் பிடித்தால் நிலையத்தில் படிக்கட்டு ஓடுகிறது!

மருனோவுச்சி 2000 வகை வண்டியில் பேட்டரியும் உண்டு. மின்சாரம் மொத்தமாகப் போய்விட்டாலும் அதை வைத்து மெதுவாக அடுத்த நிலையம்வரை தானே ஊர்ந்து போகும். நிலநடுக்கம் வரும் நாட்டில், சுரங்கத்தின் இருட்டில் ஆயிரம் பேரை இறக்கித் தண்டவாளத்தில் நடக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வளைவில் திரும்புதல்

சாலைகளுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டினால் சாலை திரும்பும் இடத்தில் ரயிலும் திரும்ப வேண்டும். கின்சா லைனில் ஆரம் 100 மீட்டருக்கும் குறைவான வளைவுகள் இருக்கின்றன. பெட்டியின் அடியில் முன்னும் பின்னும் நான்கு சக்கரம் கொண்ட ஒரு சட்டகம் உண்டு. சாதாரண வண்டியில் அதன் இரண்டு அச்சுகளும் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். அதனால் குறுகிய வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசிக் கிறீச்சிடும்.

உரசல் காதைத் துளைப்பதோடு நின்றால் பரவாயில்லை. 2000 மார்ச் 8 அன்று ஹிபியா லைனின் நாகா-மெகுரோ நிலையத்தருகே, மெதுவாக வளைவு ஒன்றில் போய்க்கொண்டிருந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறித் தடம் புரண்டது. எதிரே வந்த வண்டி அதில் மோதி 5 பேர் இறந்தார்கள். வேகம் காரணமல்ல. இடது சக்கரத்திலும் வலது சக்கரத்திலும் எடை சமமாக இறங்காதது, உராய்வு கூடியது எனப் பல சின்னக் காரணங்கள் ஒன்றுசேர்ந்த விபத்து அது. அதன்பின் நாடு முழுக்கக் குறுகிய வளைவுகளில், சக்கரம் தடம் விலகாமல் பிடிக்கும் காப்புத் தண்டவாளம் பதித்தார்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் இறங்கும் எடையை அளந்து சரிபார்ப்பது வழக்கமானது.

1000 வகை வண்டி இந்த வளைவுகளுக்கு வேறொரு பதில் வைத்திருக்கிறது. அதன் சட்டகத்தில் ஓர் அச்சு, வளைவுக்குத் தக்கபடி தானே கொஞ்சம் திரும்பும். அதற்கு மோட்டார் இல்லை, கணினி இல்லை. வளைவில் பெட்டிக்கும் சட்டகத்துக்கும் இடையே உண்டாகும் கோணத்தையே சில இணைப்புக் கம்பிகள் வாங்கி அச்சைத் திருப்பிவிடுகின்றன. உள்ளே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம், முன்பு காதைப் பொத்திக்கொண்ட இடத்தில் இப்போது பேசிக்கொண்டே போகலாம் என்பதுதான்.

வளைவையும் குறுகலையும் வேறு வழியில் எதிர்கொண்டது தோஎய் ஓஎதோ லைன். அங்கே வண்டிக்குச் சுழலும் மோட்டாரே கிடையாது. பெட்டியின் அடியில் தட்டையாக விரித்த மின்காந்தமும், தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாகப் பதித்த உலோகத் தகடும் சேர்ந்து வண்டியை இழுத்துச் செல்லும். சக்கரம் வெறுமனே தாங்கி உருளும். அடியில் பெரிய மோட்டார் இல்லாததால் தரை தாழ்கிறது, சுரங்கத்தின் விட்டமும் குறைகிறது, தோண்டும் செலவும் மிச்சம். ஜப்பானில் இந்த முறையை முதலில் கொண்டுவந்தது ஒசாக்கா, 1990இல்.

நிற்பதுதான் கடினம்

ரயிலை ஓட்டுவதைவிடச் சரியான இடத்தில் நிறுத்துவது கடினம். அதற்கு முன்னால், முன்னே போகும் வண்டியின் மேல் மோதாமல் இருக்க வேண்டும்.

1927இலேயே கின்சா லைனில் இதற்கு ஒரு தானியங்கி ஏற்பாடு இருந்தது. சிக்னல் சிவப்பாக இருக்கும்போது தண்டவாளத்தின் அருகே ஒரு இரும்புக் கை எழுந்து நிற்கும். ஓட்டுநர் கவனிக்காமல் கடந்தால் அது வண்டியின் அடியில் இருக்கும் பிரேக் குழாயின் திருகைத் தட்டிவிடும், வண்டி நின்றுவிடும். மின்னணு எதுவும் இல்லாத இந்த முறை 1993 வரை வேலை செய்தது. 1961இல் ஹிபியா லைன் திறந்தபோது, சிக்னல் அனுமதிக்கும் வேகத்தை வண்டி மீறினால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏடிசி முறை ஜப்பானில் முதன்முதலாக வந்தது. பின்னர் சிக்னல் கம்பமே போய், அனுமதித்த வேகம் ஓட்டுநரின் கண்ணெதிரே வேகமானியிலேயே தெரியும்படி ஆனது.

இவற்றில் எல்லாம் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் வண்டி இருக்கிறது என்று தண்டவாளமே கண்டுபிடித்துச் சொல்லும். ஒரு துண்டின் தொடக்கத்தில் இருந்தாலும் முடிவில் இருந்தாலும் அந்தத் துண்டு முழுதும் பின்னால் வருபவருக்கு மூடியதுதான். மருனோவுச்சி லைனில் 2024 டிசம்பரில் சிபிடிசி முறைக்கு மாறினார்கள். இதில் ஒவ்வொரு வண்டியும் தான் எங்கே இருக்கிறேன் என்பதை ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே போகிறது. முன்வண்டி நகர நகரப் பின்வண்டிக்கு வழி திறக்கிறது. ஒருமுறை தாமதமானால் இடைவெளியைக் குறைத்து மீள்வது இதனால் எளிது. காலை நெரிசலில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி விடும் தடத்துக்கு இது பெரிய வரம்.

இனி நிறுத்தம். இதில் நான் எப்போதும் வியப்போடு சொல்வது செண்டாய் நகரத்தைப் பற்றி. 1987 ஜூலை 15 அன்று அங்கே திறந்த சுரங்க ரயிலை ஹிட்டாச்சி பொறியாளர்கள் உருவாக்கிய தெளிவிலா ஏரணக் (ஃபஸி லாஜிக்) கணினி ஓட்டியது. அதற்கு முந்தைய தானியங்கி முறைகள், இந்த நொடியில் இந்த வேகம் என்று ஒரு கோடு வரைந்துகொண்டு, அதிலிருந்து விலகும்போதெல்லாம் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். பயணிக்கு உலுக்கல்தான் மிச்சம். செண்டாய் கணினி கைதேர்ந்த ஓட்டுநரின் நினைப்பையே விதியாக எடுத்துக்கொண்டது. இப்போது இருக்கும் பிரேக் அளவிலேயே விட்டால் நன்றாக நிற்குமா? நிற்கும் என்றால் கைவைக்காதே. ஒரு படி கூட்டினால் இன்னும் துல்லியமாக நிற்குமா, பயணிக்கு உறுத்துமா? இப்படி ‘நன்றாக’, ‘கொஞ்சம்’ போன்ற தெளிவில்லாத அளவுகளையே கணக்காக்கி, ஒவ்வொரு கணமும் முடிவை முன்கூட்டிக் கணித்துத் தேர்ந்தெடுத்தது. நகரின் சுரங்கத்தில் அன்றாடம் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் சென்ற வண்டியில் இதைச் செய்து காட்டிய துணிவு சாதாரணமானதல்ல.

நிறுத்தத்துக்கு உதவும் இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. பெட்டியைத் தாங்குவது காற்று நிரப்பிய ரப்பர் வில். ஆள் ஏற ஏற அதன் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தை அளந்தே வண்டி தன் எடையைத் தெரிந்துகொண்டு, மோட்டாரின் இழுவையையும் பிரேக்கின் பிடியையும் மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் கூட்டம் பிதுங்கும் வண்டியும் காலி வண்டியும் ஒரே மாதிரிக் கிளம்பி ஒரே மாதிரி நிற்கின்றன. டோக்கியோவில் வழக்கமாக வண்டி கிளம்பும்போது அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் மணிக்கு 3.3 கிலோமீட்டர் வீதம் ஏறும். அதாவது பத்து நொடியில் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகம்.

துல்லியம் இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் பிளாட்பாரக் கதவுகள். 1991இல் திறந்த நம்போக்கு லைனில் பிளாட்பாரத்தையும் தடத்தையும் முழு உயரக் கண்ணாடிச் சுவரால் பிரித்தார்கள். மற்ற தடங்களில் இப்போது இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே வரும் தடுப்புக் கதவுகள். தவறி விழுவதை இவை தடுக்கின்றன. ஆனால் வண்டியின் கதவும் தடுப்பின் கதவும் நேருக்கு நேர் வர வேண்டும். ஹிபியா லைனில் இது நடக்கவே முடியாத நிலை இருந்தது. அங்கே ஓடிய எட்டுப் பெட்டி வண்டிகளில் சிலவற்றில் எல்லாப் பெட்டிக்கும் மூன்று கதவு; வேறு சிலவற்றில் நெரிசலுக்காக முனைப்பெட்டிகளில் ஐந்து கதவு. 2017 முதல் எட்டு 18 மீட்டர் பெட்டிகளுக்குப் பதிலாக ஏழு 20 மீட்டர் பெட்டிகள், எல்லாவற்றிலும் நான்கு கதவு என்று வண்டிகள் அனைத்தையும் மாற்றினார்கள். அதன் பிறகே தடுப்புக் கதவு வந்தது.

அசகுசா லைனில் வண்டியை மாற்றும் வழியும் இல்லை, ஏனென்றால் பல நிறுவனங்களின் வண்டிகள் அங்கே ஓடுகின்றன. எல்லாவற்றிலும் புதுக் கருவி பொருத்தப் பெரும் செலவு. தோஎய் கண்ட வழி அழகானது. வண்டியின் கதவுக் கண்ணாடியில் ஒரு கியூஆர் குறியீட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிளாட்பாரத்தின் மேலிருக்கும் கேமரா அதைப் படித்து, எத்தனை பெட்டி, எத்தனை கதவு என்று தெரிந்துகொள்கிறது. ஸ்டிக்கர் நகர்ந்தால் கதவு திறக்கிறது என்று பொருள். தடுப்பும் கூடவே திறக்கிறது. கியூஆர் குறியீட்டை 1994இல் உருவாக்கியதும் ஜப்பானின் டென்சோ நிறுவனம்தான். அழுக்குப் படிந்தாலும் படிக்கிற மாதிரி இதற்கென்றே ஒரு வகையைச் செய்தார்கள்.

தானியங்கி ஓட்டம் உள்ள தடங்களில் ஓட்டுநரின் வேலை கதவை மூடி, எல்லாம் சரியா என்று பார்த்து, கிளம்பும் பொத்தானை அழுத்துவது. தவறுதலாகக் கை பட்டுவிடாமல் இருக்க அந்தப் பொத்தான் இரண்டாக இருக்கும். சேர்த்து அழுத்தினால்தான் வண்டி நகரும். மற்ற தடங்களில் முன்னே ஓட்டுநர், பின்னே கார்டு. வெள்ளைக் கையுறை விரலால் சிக்னலையும் வேகமானியையும் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சடங்கு அல்ல. ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் 1994இல் செய்த சோதனையில், எதுவும் செய்யாதபோது நூறு செயலுக்கு 2.38ஆக இருந்த தவறுகள், சுட்டிக்காட்டிச் சொன்னபோது 0.38ஆகக் குறைந்தன. கணினி இருந்தாலும் கையை நீட்டுவதை அவர்கள் விடவில்லை. நல்லதுதான்.

யாருடைய வண்டி இது?

கடைசியாக ஒன்று. டோக்கியோவில் ஒரு பிளாட்பாரத்தில் நின்றால் ஒரே தடத்தில் அடுத்தடுத்து வெவ்வேறு நிறமுள்ள, வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் வரும். ஃபுகுதோஷின் லைனில் செய்பு, தோபு நிறுவனங்களின் வண்டிகளோடு 2013 மார்ச் 16 முதல் தொகியூ நிறுவனத்தின் வண்டிகளும் ஓடுகின்றன. யோகோஹாமாவில் ஏறியவர் டோக்கியோவின் அடியில் புகுந்து வடமேற்குப் புறநகரில் வெளியே வரலாம், வண்டி மாறாமலே. எல்லை நிலையத்தில் ஓட்டுநரும் கார்டும் மட்டும் இறங்கி, அடுத்த நிறுவனத்தின் ஆட்கள் ஏறிக்கொள்வார்கள். இதற்காக எல்லா வண்டியிலும் கதவு எண்ணிக்கை, ஓட்டுநர் பிடியின் அமைப்பு, சிக்னல் கருவி, தீத்தடுப்பு எல்லாம் பேசி வைத்து ஒத்துப்போக வேண்டும். புறநகரில் வெயிலில் ஓடும் வண்டிக்கும் முகப்பில் தப்பிக்கும் கதவு இருப்பது அதனால்தான்.

பக்கத்து நிறுவனத்தின் வண்டி என் தடத்தில் ஓடினால் நான் வாடகை தர வேண்டும். ஆனால் பணம் கொடுத்து வாங்குவதைக் கூடியமட்டும் தவிர்க்கிறார்கள். அவர்கள் வண்டிகள் என் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினவோ, அத்தனை கிலோமீட்டர் என் வண்டிகள் அவர்கள் தடத்தில் ஓடும்படி அட்டவணையைப் போட்டுக் கணக்கை நேர் செய்துகொள்கிறார்கள். டோக்கியோ மெட்ரோவின் வண்டி சில வேளைகளில் தன் சொந்தச் சுரங்கத்தை எட்டியே பார்க்காமல் புறநகர்த் தடத்திலேயே போய் வந்துகொண்டிருந்தால், அது அந்தக் கிலோமீட்டர் கடனைத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது.